கல்வியும் அழைப்பும்: தரங்கம்பாடி மரபில் லுத்தரன் நற்செய்திப் பணியாளர் பயிற்சி – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தரங்கம்பாடியில் 1706இல் தொடங்கிய லுத்தரன் மறைபரப்புப் பணி, அச்சு, அகராதி, இலக்கணம், மொழிபெயர்ப்பு ஆகிய துறைகளில் தமிழுக்கு அளித்த கொடையின் வழியாகவே இதுவரை பெரிதும் மதிப்பிடப்பட்டு வந்துள்ளது. அப்பணிக்கென ஆட்களைப் பயிற்றிய முறை தனித்த திறனாய்வுக்கு உட்படவில்லை. அம்முறையில் கல்வியால் வரும் தகுதி, திருச்சபையின் அழைப்பால் வரும் தகுதி என இரண்டு அளவுகோல்கள் இயங்கின என்பதும், முதலாவது யாவர்க்கும் திறந்திருக்க, இரண்டாவது பிறப்பால் வரையறுக்கப்பட்டது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். ஆரோன், இராஜநாயக்கன், வேதநாயக சாஸ்திரியார், கார்ல் கிரவுல் ஆகியோரின் பணிவாழ்வு இக்கருதுகோளுக்குச் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

திறவுச் சொற்கள்: தரங்கம்பாடி, ஹாலே, உபதேசியார், குருப்பட்டம், நன்னூல், சாதி, இறையியற் கல்வி.

முன்னுரை

மூன்று ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது இவ்வாய்வின் சிக்கலை விளங்கச் செய்யும். பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்றி புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கியது 1706. உள்நாட்டுப் பணியாளர்க்கான பயிற்சிப் பள்ளி எட்டு மாணவர்களுடன் அங்குத் தொடங்கியது 1716. தமிழர் ஒருவர் முதன்முதலாக லுத்தரன் குருவாகப் பட்டம் பெற்றது 1733. பணி தொடங்கிப் பத்தாம் ஆண்டில் பயிற்சி தொடங்கிற்று. அப்பயிற்சியின் உச்சநிலையைத் தமிழர் ஒருவர் எட்டுவதற்கு மேலும் பதினேழு ஆண்டுகள் கழிந்தன. இந்த இடைவெளியை மாணவர்களின் கல்விக் குறைவால் விளக்க இயலுமா, அன்றி வேறு காரணம் உண்டா என்பதே இங்கு எழும் வினா.

தமிழ் இலக்கிய வரலாறுகள் இவ்வினாவைப் பெரும்பாலும் எழுப்புவதில்லை. 'கிறித்தவர் தமிழ்த்தொண்டு' என்னும் தலைப்பின்கீழ் அவை ஐரோப்பியரின் நூற்பட்டியலை முன்வைக்கின்றன. அந்நூல்களுக்குத் துணைநின்ற தமிழாசிரியர்களும், ஊர் ஊராகச் சென்று அவற்றை வாசித்துக் காட்டிய உபதேசியார்களும் ஓரிரு தொடர்களில் முடிந்துவிடுகின்றனர். தென்னிஸ் ஹட்சன் தம் 2000ஆம் ஆண்டு நூலில் தமிழ்ப் புராட்டஸ்டண்டு மரபின் தோற்றத்தைத் தமிழர்களை மையமாகக் கொண்டு எழுதினார். ஹெய்க்கே லீபாவ் 2008இல் வெளியிட்ட ஆய்வு, தரங்கம்பாடிப் பணியின் இந்தியப் பணியாளர்களையே தன் பொருளாகக் கொண்டது. வரலாற்றுத் துறையில் நிகழ்ந்த இந்த நோக்கு மாற்றம் தமிழிலக்கியத் திறனாய்வில் போதிய அளவு எதிரொலிக்கவில்லை. பயிற்சி என்பது நிருவாகச் செய்தி மட்டுமன்று. எம்மொழியில், எந்நூல்கொண்டு, யாருக்கு, எதுவரை கற்பிப்பது என்னும் முடிவுகள் அனைத்தும் மொழியையும் சமூகத்தையும் பற்றிய முடிவுகள். ஆதலின் அதனை ஒரு பனுவலைப் போலவே திறனாய்ந்து நோக்க இடமுண்டு.

ஹாலேயின் பயிற்சிக் கோட்பாடு

தரங்கம்பாடிப் பயிற்சியின் வேர் செருமனியின் ஹாலே நகரில் உள்ளது. அங்கு அவுகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே நிறுவிய அநாதை இல்லமும் பள்ளிகளும் பக்தியியக்கத்தின் நடுவிடமாய் விளங்கின. மறைநூலைத் தாமே வாசித்து, அதனால் உள்ளம் திரும்பி, அத்திருப்பத்தை அன்றாட ஒழுக்கத்தில் காட்டுதல் என்பது அவ்வியக்கத்தின் சாரம். மறைநூலைத் தாமே வாசிக்க வேண்டுமெனில் எழுத்தறிவு வேண்டும். எழுத்தறிவு வேண்டுமெனில் பள்ளி வேண்டும். எனவே ஹாலே மரபில் நற்செய்திப் பணியும் கல்விப் பணியும் ஒரே செயலின் இரு கூறுகளாயின. தரங்கம்பாடியில் சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் பள்ளிகள் தோன்றியதற்கு இதுவே அடிப்படை.

இக்கோட்பாட்டுக்குப் பின்னால் லுத்தரன் சமயத்தின் இரு நிலைப்பாடுகள் உள்ளன. திருமுழுக்குப் பெற்ற அனைவரும் குருத்துவ உரிமை உடையவர்கள் என்று மார்ட்டின் லுத்தர் 1520இல் எழுதினார். 1530இன் அகஸ்பர்க் அறிக்கையோ, முறையாக அழைக்கப்படாத எவரும் திருச்சபையில் வெளிப்படையாகப் போதிக்கவோ திருவருட்சாதனங்களை வழங்கவோ கூடாது என்று தன் பதினான்காம் பிரிவில் வரையறுத்தது. முதலாவது உரிமையைப் பொதுவாக்குகிறது. இரண்டாவது அதன் பயன்பாட்டை ஒழுங்குபடுத்துகிறது. ஐரோப்பியச் சூழலில் இவ்விரண்டும் ஒன்றையொன்று சமன்செய்தன. தமிழகச் சூழலிலோ 'அழைப்பவர் யார்' என்னும் வினா வேறொரு கூர்மை பெற்றது. அழைக்கும் அதிகாரம் கோப்பன்ஹேகனிலும் ஹாலேயிலும் இருந்தது. அழைக்கப்பட்டவரை ஏற்கும் அதிகாரமோ ஊர்ச் சபைகளில் இருந்தது. இவ்விரண்டு அதிகாரங்களுக்கும் இடையில் பயிற்சி பெற்ற தமிழர் நின்றார்.

மாணவராக வந்த மறைபரப்பாளர்

தரங்கம்பாடியில் முதற்கண் பயிற்சி பெற்றவர் தமிழர் அல்லர், சீகன்பால்கே. திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார். டேனியக் கம்பெனியில் பணியாற்றியிருந்த அழகப்பன் என்னும் மொழிபெயர்ப்பாளர் அவருக்குப் பேச்சுத்தமிழைக் கற்பித்தார். காலையில் முதல் நாளைய சொற்களை மீள ஓதுதல், பின்னர் முதிய புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடனிருக்கத் தமிழ்ச் சுவடிகளை மணிக்கணக்கில் வாசித்தல் எனத் தம் அன்றாடக் கல்வி நடந்ததைச் சீகன்பால்கு தம் கடிதங்களில் விவரித்துள்ளார். 1708இலேயே தாம் திரட்டிய சுவடிகளுக்கு விளக்க அட்டவணை ஒன்றை அவர் தொகுத்தார். அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய நீதிநூல்களைச் செருமானிய மொழியில் பெயர்த்தார்.

இக்கட்டத்தில் ஆசிரியர் தமிழர், மாணவர் ஐரோப்பியர். பயிற்சியின் திசை இங்குத் தலைகீழாக இருந்தது. ஆயினும் ஐரோப்பாவுக்குச் சென்ற பதிவுகளில் அத்திசை மங்கிவிடுகின்றது. 1710 முதல் வெளிவந்த ஹாலே அறிக்கைகள் மறைபரப்பாளரின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் தெரிந்தெடுத்துச் செம்மைப்படுத்தி அச்சிட்டன. அவற்றில் தமிழாசிரியர் 'உதவியாளர்' என்னும் தகுதியிலேயே தோன்றுகிறார். 'மலபார் கடிதங்கள்' என அறியப்படும் தொகுப்பு இதற்குத் தெளிவான சான்று. மறைபரப்பாளர் எழுப்பிய வினாக்களுக்குத் தமிழர்கள் எழுதிய 99 கடிதங்கள் செருமானிய மொழிபெயர்ப்பில் வெளியாயின. எழுதியோர் பெயர் இல்லை. அவற்றுள் பலவற்றை அழகப்பனே எழுதியிருக்கக்கூடும் என்னும் கருத்து ஆய்வாளரிடையே உண்டு. பெயர் மறைத்தலுக்கு எழுதியோரின் பாதுகாப்பு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். விளைவோ ஒன்றே: விடை சொன்னவர் தரவாகவும் வினா எழுப்பியவர் அறிஞராகவும் நிலைபெற்றனர்.

சீகன்பால்குவும் இவ்விதியிலிருந்து முற்றிலும் தப்பவில்லை. அவர் 1713இல் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்களின் வழிமுறை பற்றிய நூல், ஹாலேயின் ஆதரவைப் பெறாமல் கையெழுத்துப் படியாகவே தங்கி, 1867இல் சென்னையில்தான் அச்சேறியது. கற்பிக்கச் சென்றவர் கற்றுக்கொண்டதை அனுப்பிய நிறுவனம் ஏற்கவில்லை. பயிற்சி ஒருவழிப் பாதை என்னும் கருத்து நிறுவனத்தில் அத்துணை ஆழமாய் ஊன்றியிருந்தது.

1716: பயிற்சிப் பள்ளியும் பணியின் படிநிலையும்

1716இல் தொடங்கிய பள்ளி, பாடசாலை ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் உருவாக்குவதை நோக்கமாகக் கொண்டது. லுத்தரின் சிறிய ஞானோபதேசம் அதன் அடிப்படைப் பாடம். வினாவும் விடையுமாய் அமைந்த அந்நூலை மனப்பாடம் செய்தல், மறைநூற் பகுதிகளை விளக்குதல், இசைப்பாடல்களைப் பாடுதல், கேட்போரிடம் வினவி விடை வருவித்தல் ஆகியவை பயிற்சியின் கூறுகள். தமிழ்த் திண்ணைப் பள்ளியின் மனப்பாட மரபும் ஹாலேயின் வினாவிடை மரபும் இங்கு இயல்பாகப் பொருந்தின. மாணவர் பாடத்தை எளிதில் உட்கொண்டமைக்கு இப்பொருத்தமே காரணம் எனலாம்.

பணிவாழ்வு ஒரு படிநிலையாய் அமைந்தது. பள்ளி ஆசிரியர், துணை உபதேசியார், உபதேசியார், நாட்டுக்குரு என்பன அதன் படிகள். மறைநூலை வாசித்தல், போதித்தல், திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்தல், நோயுற்றோரைச் சந்தித்தல், சபையாரிடையே எழும் பிணக்குகளைத் தீர்த்தல், கண்டதையும் பேசியதையும் எழுதி அறிக்கையாய் அளித்தல் ஆகிய யாவும் உபதேசியாரின் கடமைகள். திருவிருந்து வழங்குதலும் முறைப்படி திருமுழுக்கு அளித்தலும் மட்டுமே குருவுக்கு உரியன. எனவே உபதேசியாருக்கும் குருவுக்கும் இடைப்பட்ட வேறுபாடு உழைப்பிலோ கல்வியிலோ பெரிதாக இல்லை. அது சடங்கு அதிகாரத்தில் இருந்தது. இந்நுண்மையை மனங்கொள்ளாது பின்வரும் நிகழ்வுகளை விளங்கிக்கொள்ள இயலாது.

பயிற்சி பள்ளியோடு முடிந்துவிடவில்லை என்பதும் கருதத்தக்கது. தஞ்சையிலும் திருச்சிராப்பள்ளியிலும் பணியாற்றிய கிறித்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் (மறைவு 1798), காலையில் உபதேசியார்களைக் கூட்டி வேண்டுதலுக்குப்பின் அன்று செல்லவேண்டிய இடங்களைப் பகிர்ந்தளித்து, மாலையில் அவர்கள் கூறும் செய்திகளைக் கேட்டுத் திருத்தினார். களமே வகுப்பறையாகவும் அன்றாட உரையாடலே பாடநூலாகவும் அமைந்த இம்முறை, இன்றைய களப்பயிற்சிக் கோட்பாட்டுக்கு மிக நெருங்கியது.

மொழிநடைப் பூசல்

எத்தகைய தமிழில் பயிற்றுவது என்பதும் அக்காலத்தில் பெரும் பூசலுக்குரிய பொருளாயிருந்தது. கத்தோலிக்கப் பணியைச் சார்ந்த வீரமாமுனிவர் 1727இல் 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலை இயற்றினார். வேதியர் என்பது அங்கு உபதேசியாரைக் குறிக்கும். அந்நூல் அவர்களுக்கான பயிற்சிக் கையேடு. அடுத்த ஆண்டில் அவர் எழுதிய 'வேத விளக்கம்' லுத்தரன் கொள்கைகளை மறுப்பது. தரங்கம்பாடி மொழிபெயர்ப்பின் தமிழையும் அவர் கடுமையாகச் சாடினார்.

இப்பூசலைச் சமயப் பகையாக மட்டும் வாசிப்பது போதாது. வீரமாமுனிவர் கற்றோர் மதிக்கும் தமிழை நாடினார்; தரங்கம்பாடியார் கல்லாதவரும் கேட்டு விளங்கும் தமிழை நாடினர். அவருடைய சாடலில் உண்மை இல்லாமலில்லை: முதல் மொழிபெயர்ப்பின் தொடரமைப்பு பல இடங்களில் தமிழ் மரபுக்கு ஒவ்வாதது, அதனாலேயே பிலிப்பு பெப்ரீசியுஸ் பின்னர் மறைநூலை முழுவதும் புதிதாகப் பெயர்க்க நேர்ந்தது. எனினும் எளிய தமிழைத் தெரிந்தெடுத்த கொள்கைக்கு ஒரு சமூக விளைவு உண்டு. செய்யுள் இலக்கணம் கல்லாத ஒருவரும் பயிற்சிக்குள் நுழையலாம் என்னும் நிலை அதனால் ஏற்பட்டது. நடையின் எளிமை கல்வியின் வாயிலை அகலத் திறந்தது. அவ்வாயிலின் வழியே நுழைந்தவர்களுள் ஒருவர் இராஜநாயக்கன்.

ஆரோனும் இராஜநாயக்கனும்

கடலூரில் வேளாளர் குடியில் பிறந்த ஆறுமுகம், 1718இல் சீகன்பால்குவிடம் திருமுழுக்குப் பெற்று ஆரோன் ஆனார். பள்ளி ஆசிரியராகவும் உபதேசியாராகவும் பணியாற்றி, 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்றார். இந்தியப் புராட்டஸ்டண்டு மரபில் முதல் உள்நாட்டுக் குரு அவரே. மாயவரம் வட்டாரத்தில் பணியாற்றிய அவர் 1745இல் மறைந்தார். அவருடைய பட்டமளிப்பு இம்மரபின் பெருமைக்குரிய நிகழ்வாகப் போற்றப்படுவது முற்றிலும் பொருந்தும்.

இராஜநாயக்கனின் வரலாறு இதனோடு இணைத்து வாசிக்கப்பட வேண்டியது. பறையர் சமூகத்தில் பிறந்து, தஞ்சை மராத்திய அரசின் படையில் பணிபுரிந்த கத்தோலிக்கர் அவர். தரங்கம்பாடியில் அச்சான புதிய ஏற்பாட்டை வாசித்ததன் பயனாக 1720களின் இறுதியில் லுத்தரன் சபையை நாடினார். படைப்பணியை விட்டு உபதேசியார் ஆனார்; எதிர்ப்புகளுக்கிடையே தஞ்சைப் பகுதியில் சபைகளை வளர்த்தார்; 1771இல் மறையும்வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். தாமே வாசித்து, வாசிப்பால் உள்ளம் திரும்பி, அதனை வாழ்வில் காட்டுதல் என்னும் ஹாலேயின் இலட்சியத்துக்கு இவரினும் சிறந்த எடுத்துக்காட்டு தமிழகத்தில் அரிது.

இரண்டாவது தமிழ்க் குருவைத் தெரிந்தெடுக்கும் பேச்சு எழுந்தபோது இராஜநாயக்கனின் பெயரும் கருதப்பட்டது. 1741இல் பட்டம் பெற்றவரோ தியோகு. இராஜநாயக்கனின் பற்றுறுதியையோ திறமையையோ மறைபரப்பாளர் ஐயுறவில்லை. அவர் கையால் திருவிருந்து பெறச் சாதியில் உயர்ந்தோராகத் தம்மைக் கருதியவர்கள் இணங்கார் என்பதே தடையாயிற்று. உபதேசியார் என்ற நிலையில் அவர் சொல்லைக் கேட்பதற்குத் தடையில்லை. குருவாக அவர் கையிலிருந்து அப்பமும் இரசமும் பெறுவதற்கே தடை. செவிக்கு இசைந்தது கைக்கு இசையவில்லை. உணவு கொள்வினை கொடுப்பினையில் இயங்கும் சாதிவிதி, திருவிருந்து மேசையில் தன் எல்லையைக் கோடிட்டுக் காட்டியது.

மறைபரப்பாளர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. சிறிய சபைகள் சிதறிவிடக்கூடாது என்னும் அச்சம் அவர்களுக்கு இருந்தது. வெளியிலிருந்து வந்த எதிர்ப்பும் பெரிது. ஆயினும் விளைவை அளக்கும்போது இந்நியாயம் போதுவதாயில்லை. பயிற்சிக்கு வாயில் திறந்துவிட்டு, அதன் நிறைவுக்கு மட்டும் வாயில் அடைத்ததனால், 'உபதேசியார்' என்னும் படி சிலருக்கு இடைநிலையாகவும் வேறு சிலருக்கு இறுதிநிலையாகவும் ஆயிற்று. அனைவரும் குருக்கள் என்னும் லுத்தரன் கொள்கை, முறையான அழைப்பு என்னும் விதியின் வழியாகவே முடக்கப்பட்டது.

நன்னூலின் ஆசிரியர் இலக்கணம்

இத்தடையை ஐரோப்பியரின் பிழை என்றோ லுத்தரன் சமயத்தின் பிழை என்றோ கூறி அமைவது எளிது; உண்மை அத்துணை எளிதன்று. கற்பிப்போனின் தகுதியைப் பிறப்போடு பிணைக்கும் கருத்து தமிழ்க் கல்வி மரபிலேயே உண்டு. நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியனுக்குரிய பண்புகளை அடுக்கும்போது குலத்தையே முதற்கண் வைக்கின்றது. அருள், கலைபயில் தெளிவு, கட்டுரை வன்மை, உலகியல் அறிவு ஆகியன யாவும் அதன் பின்னரே வருகின்றன. திண்ணைப் பள்ளி முதல் மடம் வரை இவ்வரிசை முறை நடைமுறையில் செல்வாக்குப் பெற்றிருந்தது.

இதற்கு மாறான குரலும் தமிழில் உண்டு. கீழ்ப்பிறந்தும் கற்றவருக்குள்ள பெருமை மேற்பிறந்தும் கல்லாதவர்க்கு இல்லை என்னும் கருத்தைத் திருக்குறள் கல்லாமை அதிகாரத்தில் வலியுறுத்துகின்றது. சீகன்பால்கின் சுவடி அட்டவணையில் திருக்குறளும் இடம்பெற்றிருந்தது. ஆக, தமிழ் மரபு ஒற்றைக் குரலுடையது அன்று. கல்வியே தகுதி எனும் குரலும், குலமும் தகுதி எனும் குரலும் அதனுள் போராடின. தமிழ்ச் சமயங்களைத் திருத்த வந்த பணி, இவ்விரு குரல்களுள் எதனைத் தன் பயிற்சிக்கு அளவுகோலாக்குவது என்னும் தெரிவை எதிர்கொண்டது. பள்ளியில் அது குறளின் பக்கம் நின்றது. குருப்பட்டத்தில் நன்னூலின் பக்கம் சாய்ந்தது.

வேதநாயக சாஸ்திரியார்: பயிற்சியின் வெற்றியும் எல்லையும்

இப்பயிற்சி மரபு தமிழிலக்கியத்துக்குத் தந்த பெருங்கொடை தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). திருநெல்வேலியில் பிறந்து, சிறுவயதில் சுவார்ட்ஸின் மாணவராகத் தஞ்சைக்கு வந்து, தரங்கம்பாடியிலும் இறையியல் பயின்று, இளமையிலேயே தஞ்சைப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் அவர். அவருடைய 'பெத்லகேம் குறவஞ்சி', சிற்றிலக்கிய வடிவத்தினுள் விவிலியத்தை மட்டுமன்றி, சூரியனை நடுவாகக் கொண்ட வானியலையும் புதிய புவியியலையும் அமைத்துக் காட்டுகின்றது. ஹாலேயின் பாடத்திட்டமும் தஞ்சை அரசவையின் கலைமரபும் ஒருவரிடத்தில் இணைந்ததன் விளைவு அது. பயிற்சி தமிழ் வடிவங்களை அழிக்காமல் வளப்படுத்த இயலும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் அதே சாஸ்திரியார் 1829இல், சபைகளில் சாதி வேறுபாட்டை நீக்க முனைந்த இளைய மறைபரப்பாளர்களை எதிர்த்து எழுதினார். திருவிருந்து முறை, இருக்கை வரிசை, இசைப்பாடல், பண்டிகை வழக்கம் ஆகியவற்றில் பழைய குருமார் அனுமதித்ததைப் புதியவர்கள் பறிப்பதாக அவர் கருதினார். அவருடைய எதிர்ப்பில் இரண்டு இழைகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, தமிழ்ப் பாடலையும் தமிழ் வழக்கத்தையும் காக்கும் பண்பாட்டு உரிமை. மற்றொன்று, சாதி வேறுபாட்டைக் காக்கும் விருப்பம். முதலாவதைப் போற்றும் திறனாய்வு இரண்டாவதைக் காணாமல் விடுவது முறையன்று. இரண்டாவதைக் கண்டிக்கும் திறனாய்வு முதலாவதை மறுப்பதும் முறையன்று. அறிவியலில் புதிய வானத்தைக் கற்பித்த பயிற்சி, ஊரின் பழைய வரிசையை வினவக் கற்பிக்கவில்லை என்பதே நாம் கொள்ளவேண்டிய முடிவு.

கிரவுலும் குறளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லுத்தரன் பணி லைப்சிக் மிஷனின் பொறுப்புக்கு வந்தது. அதன் தலைவர் கார்ல் கிரவுல், டிரெஸ்டனில் இருந்த நிறுவனத்தைப் பல்கலைக்கழக நகரான லைப்சிக்குக்கு 1848இல் மாற்றியதன் அடிப்படை பயிற்சி பற்றிய ஒரு கொள்கை. மறைபரப்பாளர் பல்கலைக்கழகக் கல்வி பெற்றவராயும், தாம் செல்லும் நாட்டின் மொழியையும் இலக்கியத்தையும் ஆழக் கற்றவராயும் இருத்தல் வேண்டும் என அவர் கருதினார். அவரே தமிழகத்துக்கு வந்து தமிழ் கற்றார். 1856இல் திருக்குறளைச் செருமானிய மொழியில் பெயர்த்து வெளியிட்டார். கைவல்ய நவநீதம் உள்ளிட்ட நூல்களையும் தம் 'பிப்லியோத்தேக்கா தமூலிக்கா' வரிசையில் கொணர்ந்தார்.

சாதிச் சிக்கலில் கிரவுலின் நிலைப்பாடு விட்டுக்கொடுப்பது. சாதி பெரிதும் சமூக வழக்கமே. அதனை ஆணையால் ஒழிக்க முயலாது, போதனையால் மெல்ல மெல்லத் தளரச் செய்யவேண்டும் என்றார். ஆங்கிலிக்க ஆயர் டேனியல் வில்சன் 1833இல் பிறப்பித்த கடும் ஆணையை ஏற்காத தஞ்சைக் கிறித்தவர் பலர் பின்னர் லுத்தரன் சபையில் சேர்ந்தமை இந்நிலைப்பாட்டின் நடைமுறை விளைவு. மிஷனுக்குள்ளேயே இதற்கு எதிர்ப்பு எழுந்தது. கார்ல் ஓக்ஸ் என்பவர் இச்சிக்கலின் பொருட்டு லைப்சிக் மிஷனைவிட்டு விலகி, 1860களில் டேனிய மிஷன் சார்பில் தென்னார்க்காட்டில் புதுப்பணி தொடங்கினார். இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தொடக்கம் அதுவே.

குறளை மொழிபெயர்த்தவர் பிறப்பின்வழி வரும் வேறுபாட்டோடு சமரசம் செய்துகொண்டது ஒரு முரண். கல்லாமை அதிகாரம் அவர் பெயர்த்த நூலில்தான் இருந்தது. கிரவுலின் மொழிபெயர்ப்புத் திறனை இம்முரண் குறைத்துவிடாது. ஆனால் மொழிப்பயிற்சி தானே சமூகப் பார்வையைத் திருத்திவிடும் என்னும் நம்பிக்கையை அது குறைக்கின்றது. ஒரு மொழியின் உயர்நூல்களைக் கற்பதும், அம்மொழி பேசுவோருள் தாழ்த்தப்பட்டவரின் குரலைக் கேட்பதும் வெவ்வேறு பயிற்சிகள்.

இருபதாம் நூற்றாண்டின் மாற்றங்கள்

1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன்னாட்சி பெற்றது. எனினும் அதன் முதல் மூன்று ஆயர்களும் சுவீடன் நாட்டவர். 1956இல் இராஜா மாணிக்கம் பொறுப்பேற்றபோதே இந்தியர் ஒருவர் தரங்கம்பாடி ஆயரானார். ஆரோனின் பட்டமளிப்பிலிருந்து கணக்கிட்டால் 223 ஆண்டுகள். பயிற்சி அளித்தல் வேறு, அதிகாரத்தைப் பகிர்தல் வேறு என்பதை இவ்வெண் சொல்லும்.

1927இல் தோன்றிப் பின்னர்ச் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் நிலைபெற்ற லுத்தரன் இறையியற் கல்லூரி 'குருகுல்' என்னும் பெயரை ஏற்றது. இந்தியக் கல்வி மரபோடு உறவு கொள்ளும் விழைவு அப்பெயரில் தெரிகின்றது. ஆசிரியரோடு உடனுறைந்து கற்றல் என்னும் சிறப்புப் பொருள் அதற்கு உண்டு. அம்மரபு பலரை வாயிலுக்கு வெளியே நிறுத்தியது என்னும் நினைவும் உண்டு. பெயர்தேர்வு ஒவ்வொன்றும் மரபின் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ள இயலாது என்பதற்கு இது சான்று.

1969இல் மதுரை அரசரடியில் அமைந்த தமிழ்நாடு இறையியற் கல்லூரியில் லுத்தரன் திருச்சபைகளும் பங்குகொண்டன. தமிழே பயிற்றுமொழி, மாணவர் ஒரு பகுதிக் காலம் வளாகத்துக்கு வெளியே எளிய மக்களிடையே தங்கிக் கற்கும் ஏற்பாடும் உண்டு. அங்குப் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு நாட்டார் இசையையும் பேச்சுத்தமிழையும் வழிபாட்டுக்குக் கொணர்ந்தார். எவ்விசை கருவறைக்கு அயலானது எனக் கருதப்பட்டதோ அவ்விசை இறையியற் கல்வியின் பாடமாயிற்று. மணலில் எழுதிய சீகன்பால்குவின் காலத்துக்குப் பிறகு, பயிற்சியின் திசை மீண்டும் மாறிய கட்டம் இது எனலாம்: கற்பிக்கச் செல்பவர் முதலில் கற்கச் செல்கிறார்.

முடிவுரை

தரங்கம்பாடி மரபில் பயிற்சியின் குறை பாடத்தில் இல்லை. வினாவிடை, களப்பணி, எளிய தமிழ், அன்றாட அறிக்கை எனச் சிறந்த கூறுகள் அதில் இருந்தன. அவை ஆரோனையும் இராஜநாயக்கனையும் வேதநாயக சாஸ்திரியாரையும் உருவாக்கின. குறை, கல்வியால் வந்த தகுதியை அழைப்பால் வரும் தகுதியாக மாற்றும் இடத்தில் இருந்தது. அவ்விடத்தில் பிறப்பு குறுக்கிட்டது. நிறுவனம் அதனை அனுமதித்தது. பதிவுகள் அதனை மென்மையான சொற்களால் மூடின.

இவ்வாய்விலிருந்து இரு பணிகள் எழுகின்றன. முதலாவது, தமிழிலக்கிய வரலாறு தன் வரிசையை மாற்றி எழுதுதல். 'உதவியாளர்' என்னும் சொல்லின் பின்னே நின்ற ஆசிரியர்களையும், உபதேசியார் அறிக்கைகளையும் உரைநடை வரலாற்றின் சான்றுகளாகக் கொள்ளவேண்டும். ஹாலே ஆவணக் காப்பகத்தில் உள்ள தமிழ்ச் சுவடிகளும், செருமானிய அறிக்கைகளுள் பொதிந்துள்ள உபதேசியார் குரலும் தமிழாய்வாளரின் கைகளுக்கு வரவேண்டியவை. இரண்டாவது, இன்றைய இறையியற் கல்வியும் பொதுக் கல்வியும் தம்மைத் தாமே வினவிக்கொள்ளுதல். நுழைவு வாயிலில் எத்தனை பேர் சேர்ந்தனர் என்னும் கணக்கு எளிதில் கிடைக்கும்; முழுத் தகுதி பெற்றும் இறுதிப் படிக்கு அழைக்கப்படாதோர் யார் என்னும் கணக்கை எவரும் வைப்பதில்லை. இராஜநாயக்கன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் போதித்த ஊர்களில் அவர் சொல் கேட்கப்பட்டது. அவர் கை மட்டும் ஏற்கப்படவில்லை. ஒரு பயிற்சி முறையின் மதிப்பை இறுதியாக அளக்க வேண்டிய இடம் அதுவே.